மூன்று தரம் இழுத்தால்

ஜனவரி 12

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உன் தம்பி வாத்து எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாலத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்க வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்குள் இறங்கிப் பாலத்துத் தூண்களின் அடியைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. பார்ப்பது என்றா சொன்னேன்? கீழே கண்ணுக்கு வேலையே இல்லை. கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்தாலும் தெரியாத கலங்கல். விரலால் தடவித்தான் எல்லாம். வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டிருப்பதால் பேசவும் முடியாது. இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே படகில் கயிற்றுக்காரர் கையில் இருக்கும். அவர் ஒரு தரம் இழுத்தால் ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்கிறார். பதிலுக்கு நான் ஒரு தரம் இழுத்தால் ‘நல்லா இருக்கேன்’. மூன்று தரம் இழுத்தால் ‘கயிறு தொளதொளன்னு கிடக்கு, இறுக்கிப் பிடி’. நான்கு தரம் இழுத்தால் ‘மேல தூக்கு’. எங்கள் பாஷை இவ்வளவுதான்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கியபோது இருந்த தைரியம் இந்தத் தண்ணீரில் இறங்கும்போது இல்லை. சிரிக்காதே. கீழே போனதும் நீ சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. விசுவாசத்துக்கு அஸ்திபாரம் பலமாக இருக்க வேண்டும் என்பாயே, அதை எப்படிப் போடுவது? என் மரமண்டைக்குப் புரிகிற மாதிரி எழுது.

ஏன் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய்? எப்போது கூப்பிட்டாலும் அத்தான்தான் எடுக்கிறார். “அக்கா வெளிய போயிருக்கா”ங்கிறார். நீ எழுந்து ஜெபித்தால் சபைக்கு மைக்கே வேண்டாம் என்று உனக்கு மைக் என்று பேர் வைத்தவன் நான். அந்தக் குரலைக் கேட்டாலே பாதிப் பயம் ஓடிவிடும்.

உன் தம்பி

•

ஜனவரி 30

என் அருமை வாத்துக்கு,

அக்காவின் ஸ்தோத்திரம். நாங்கள் நலம். அத்தான் வழக்கம்போலப் பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு, பிள்ளைகளின் கத்தலில் காது போகிறது என்று புலம்பிக்கொண்டு இருக்கிறார்.

முதலில் ஒன்று. பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று எவராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. காலையில் போனைத் தொடுவதற்கு முன்னால் வேதத்தைத் தொடு. ஒரு பக்கம் போதும், மென்று வாசி. சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொள்கிற மாதிரி இதிலும் அவசரப்படாதே. ‘இதைச் செய்தால் நான் அதைச் செய்கிறேன்’ என்று ஆண்டவரிடம் பேரம் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை குறட்டை விடாமல் பக்கத்தில் எந்தச் சபை இருக்கிறதோ அங்கே போய் உட்கார். யாரையும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார். விசுவாசத்தை ஒற்றை ஆளாகக் காப்பாற்றிக்கொள்ள யாராலும் முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல். பூச்சு வேலையெல்லாம் மனுஷரிடம் செல்லும், அவரிடம் செல்லாது. பயமாக இருந்தால் ‘பயமா இருக்கு’ என்று சொல். அஸ்திபாரத்துக்கு முதல் கல் அதுதான்.

எனக்குக் குளிரில் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் போன் எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான். போனில் நீ “ம்”, “சரி”, “பார்ப்போம்” என்று மழுப்புவாய். கடிதத்தில் அந்தப் பருப்பு வேகாது. எழுது.

தினமும் காலையில் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

உன் அக்கா

•

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தொண்டைக்கு வெந்நீர் குடி.

உள்ளதைச் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். வந்த முதல் வாரமே ஒன்று நடந்தது. மூன்றாவது தூணின் அடியில் என் காற்றுக் குழாய் ஏதோ கம்பியில் மாட்டிக்கொண்டது. திரும்பினால் இன்னும் சுற்றுகிறது. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு இழுப்பு. நல்லா இருக்கியா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தரம் இழுத்தேன். நல்லா இருக்கேன்! வந்த வாரமே பயந்துவிட்டான் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். அப்புறம் எப்படியோ கம்பி தானாக விட்டுவிட்டது. அது விட்டிராவிட்டால் இந்தக் கடிதம் ஏது?

மேலே வந்ததும் கயிற்றுக்காரர் குழாயில் இருந்த கீறலைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது. “என்கிட்ட மேல வந்து ஆயிரம் பொய் சொல்லு, கேட்டுக்கறேன். கயித்துல சொல்லாத. நீ நல்லா இருக்கேன்னு இழுத்தா நான் என்ன செய்வேன்? நிம்மதியா டீ குடிச்சிட்டு இருப்பேன். நீ கீழ செத்துட்டு இருப்ப”ன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தூணைப் பற்றி ஒன்று. மேலே பார்த்தால் வெள்ளையடித்துப் புதுசு மாதிரி நிற்கிறது. அடியில் இருந்த மண்ணைத் தண்ணீர் தின்றுவிட்டது. கையை விட்டேன். தோள்வரை உள்ளே போயிற்று, விரலில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. மேலே லாரி போகிற அதிர்வு தலையில் இறங்குகிறது. கை எடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

உன் தம்பி

•

மார்ச் 14

கிறிஸ்துவில் பிரியமான தம்பிக்கு,

ஸ்தோத்திரம்! பூரண நலம் என்று எழுதுவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

நீ கலங்குவாய் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். என் தொண்டையில் கட்டி என்றார் டாக்டர். அறுத்து எடுக்க வேண்டும், குரல் நரம்பை ஒட்டி இருப்பதால் குரல் போனாலும் போகலாம் என்றார். உனக்கே தெரியும், குரல் இல்லாவிட்டால் நான் யார்? போன ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு நடுவில் எனக்குள் ஒரு பலம் வந்தது. எழுந்து நின்று, “ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டார், கட்டி கரைஞ்சு போச்சு” என்று சாட்சி சொல்லிவிட்டேன். சபையே எழுந்து கைதட்டியது. போதகர் கண் கலங்கினார். தையற்கடைக்காரம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “உன் விசுவாசத்துல கால்வாசி எனக்கு இருந்தாப் போதும்மா” என்று அழுதாள்.

அறிக்கை செய்துவிட்டேன், இனிப் பின்வாங்க மாட்டேன். நீயும் அப்படி இரு. பயத்துக்குக் கதவைத் திறக்காதே. பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தம்.

உன் அக்கா

•

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். கயிற்றுக்காரர் யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகவில்லை, அக்கா பிழைத்துவிட்டாள் என்றேன்.

ஆனால் ஒன்று கேட்கட்டுமா? டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னாரா, கட்டி இல்லை என்று? உன் கடிதத்தை நாலைந்து தரம் திருப்பிப் படித்தேன். அதில் அவர் சொன்னதாக இல்லையே. சுகமான குரலைக் கேட்கலாம் என்று போன் செய்தேன். அத்தான் எடுத்தார். “அக்காகிட்ட குடுங்க” என்றேன். “தூங்கறா”ன்னார். அப்போது சாயங்காலம், அக்கா. நீ எந்தக் காலத்தில் சாயங்காலம் தூங்கினாய்?

உடனே பதில் போடு.

உன் தம்பி

•

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

இவ்விடம் யாவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. நீ வேதம் வாசிப்பதை விடாதே. வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. சபையார் எல்லோரும் உனக்காக ஜெபிக்கிறார்கள்.

அக்கா

•

மே 22

அக்காவுக்கு,

ஜனவரியில் நீ எழுதியதையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போது ‘தினமும் ஜெபிக்கிறேன்’ என்று இருந்தது. இப்போது ‘சபையார் ஜெபிக்கிறார்கள்’ என்று இருக்கிறது. ஜெபத்தைப் பற்றிப் பொய் எழுத உனக்குக் கை வராது, அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது. நீ ஜெபிக்கிறதில்லை, இல்லையா?

பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்பவன் பேச்சைக் கேட்காதே என்று எனக்குச் சொன்ன அக்காவே, பயம் வந்தால் விசுவாசம் போயிற்று என்று எப்படி எழுதினாள்? இது உன் பேச்சு அல்ல.

நான் சொல்கிறேன், கோபித்துக்கொள். கட்டி கரையவில்லை. வளர்கிறது. சபையில் சாட்சி சொல்லிவிட்டதால் ஆஸ்பத்திரிப் படி ஏற உனக்கு முகமில்லை. என்ன சொல்வார்கள் என்று பயம். நான் கம்பியில் மாட்டிக்கொண்டு ‘நல்லா இருக்கேன்’ என்று இழுத்தேனே, அதையே நீயும் இழுத்திருக்கிறாய். எல்லோரும் கைதட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி உன்னைத் தேடி யார் இறங்குவார்கள்?

என் மண்டை சுத்தமாகக் குழம்பியிருக்கிறது அக்கா. கீழே போய்த் தூணைத் தொட்டால் உன் கழுத்து ஞாபகம் வருகிறது. தயவுசெய்து நாலு தரம் இழு. என்னிடம் வேண்டாம் என்றால் அத்தானிடமாவது இழு.

வாத்து

•

ஜூன் 8

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் விசாரித்து எழுதுவது அத்தான். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அக்கா படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. ஆப்பரேஷனுக்கு இரண்டு தரம் நாள் குறித்தார்கள். இரண்டு தரமும் வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள். “போனா ஆண்டவர் பேருக்குக் கெட்ட பேர்”ங்கிறாள். குரல் காற்று மாதிரிதான் வருகிறது. கெட்டியாக எதையும் விழுங்க முடியவில்லை. சபையில் அவளை ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் தலைவலி என்று சைகை காட்டுகிறாள். வீட்டில் முழங்கால் போடுகிறாள், ஆனால் உதடு அசையவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

நான் கோபப்பட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். வேனில் பிள்ளைகள் கத்துவது இப்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது மச்சான். வீடு அவ்வளவு அமைதி. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அத்தான்

•

ஜூலை 2

தம்பிக்கு,

நீ பெரிய மனுஷனாகிவிட்டாய். நேற்று ஞானஸ்நானம் எடுத்தவன், இருபது வருஷமாக ஊருக்கே ஜெபித்தவளுக்குப் பாடம் எடுக்கிறாய். என் விசுவாசத்தைத் தடவிப் பார்க்க உன்னை யார் கூப்பிட்டார்கள்? உன் தூணோடு நிறுத்திக்கொள்.

இதற்கு மேலே உள்ளதை எழுதி ஒரு வாரம் முழுக்க மேஜையில் வைத்திருந்தேன். தபாலில் போடப் போனபோதுதான் தையற்கடையில் கூட்டத்தைப் பார்த்தேன்.

தையற்கடைக்காரம்மா மெஷின்மேலேயே சாய்ந்து கிடந்தாள். வாயோரம் நுரை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். டாக்டர் அவள் மகளைப் பார்த்து, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறாங்களா என்று கேட்டார். “மார்ச் மாசத்துலயே விட்டுட்டாங்க”ன்னாள் மகள். ஏன் விட்டாள் என்று கேட்டார். அந்தப் பெண் என்னைக் காட்டினாள். “இந்த அக்காவுக்குக் கட்டியே கரைஞ்சது, எனக்குச் சர்க்கரை போகாதான்னு அம்மா கேட்டாங்க. மாத்திரை போட்டா விசுவாசம் இல்லேன்னு ஆயிடும்னாங்க.”

தம்பி, என் காலுக்குக் கீழே தரை இல்லை. நீ கையை விட்டுத் துழாவினாயே, ஒன்றுமே தட்டுப்படவில்லை என்று, அது எனக்கு அந்த வராந்தாவில் நடந்தது. அவள் செத்திருந்தால் நான் கொன்றிருப்பேன். பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, “எனக்கு ஜெபம் பண்ணும்மா”ன்னாள். என் வாய் திறக்கவில்லை.

ஆமாம், நான் ஜெபிக்கிறதில்லை. சாட்சி சொன்ன மறுநாளே கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், கட்டி அங்கேயேதான் இருந்தது. அன்றிலிருந்து அவர் முகத்தில் விழிக்கப் பயம். அவர் பேரில் பொய் சொல்லிவிட்டு அவரிடமே எப்படிப் பேசுவது? எனக்கு விசுவாசம் பொங்கி அந்தச் சாட்சி வரவில்லை. கத்திக்குப் பயந்துதான் வந்தது.

போன ஞாயிறு எழுந்து நின்றேன். மைக் கொடுங்கள் என்று சைகை காட்டினேன். சபையில் சிலர் சிரித்தார்கள், மைக்குக்கே மைக்கா என்று. வாய் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “நான் சுகமாகல. பயத்துல பொய் சொன்னேன். யாரும் என்னைப் பாத்து மருந்தை விட்றாதீங்க.” இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். போதகர் மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆப்பரேஷன். நாலு தரம் இழுத்துவிட்டேன் தம்பி. ஆனால் யாரும் தூக்குகிற மாதிரித் தெரியவில்லை. இருட்டாகத்தான் இருக்கிறது.

அக்கா

•

ஜூலை 15

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன்.

இழுத்தவுடனே மேலே வந்துவிட மாட்டோம் அக்கா. இழுத்ததற்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் முழுக்க இருட்டுதான். எனக்கும் அங்கேதான் அதிகப் பயம். நான் அங்கே ஜெபிப்பதை இப்போது சொல்கிறேன், சிரித்தாலும் பரவாயில்லை. வார்த்தை எதுவும் வராததால் மனசுக்குள் ஒரு கயிற்றை மூன்று தரம் இழுப்பேன். இறுக்கிப் பிடி. அவ்வளவுதான் என் ஜெபம். நீ ‘முதல் கல்’ என்று எழுதினாயே, அதன்மேல் நான் வைத்த இரண்டாவது கல் இது. இதுவரைக்கும் மூன்றாவது கல் வைக்கவில்லை.

மூன்றாவது தூணுக்குக் கீழே இப்போது கல் இறக்கிக்கொண்டிருக்கிறோம். பாலத்தை மூடிவிட்டார்கள். ஊரே எங்களைத் திட்டுகிறது, நல்லாத்தானே இருந்தது என்று. தண்ணீர் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் லீவு இல்லை என்றுவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. உன் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

இந்த உறைக்குள் பழைய கயிற்றில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். கயிற்றுக்காரரே வெட்டிக் கொடுத்தார். “உங்கக்காவைப் பொய் இழுப்பு மட்டும் இழுக்க வேணாம்னு சொல்லு”ன்னார்.

தினமும் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். இந்தத் தடவை அதை நான் எழுதுகிறேன்.

வாத்து

•

ஆகஸ்ட் 19

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதவில்லை, கவனித்தாயா? கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டியா, சாதாரணக் கட்டியா என்று பரிசோதனைக்குப் போயிருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. குரலும் வரவில்லை. ஒரு பக்க நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். அத்தான் என் முன்னால் சிரிக்கிறார், வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

உள்ளே கொண்டுபோனபோது உன் கயிறு மணிக்கட்டில் இருந்தது. நர்ஸ் அவிழ்த்துவிட்டாள், கிருமி என்று. மேலே பெரிய விளக்கு. எனக்குத் தெரிந்த ஜெபம் எவ்வளவு, பாட்டு எவ்வளவு! ஒன்றுகூட வரவில்லை தம்பி. விரிப்பின் ஓரம் விரலில் தட்டுப்பட்டது. அதை மூன்று தரம் இழுத்தேன். அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று தெரிவதற்குள் மயக்க மருந்து ஏறிவிட்டது.

நேற்று தையற்கடைக்காரம்மா வந்தாள். அவளைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட என்னிடம் குரல் இல்லையே. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேஜைமேல் கிடந்த கயிற்றைப் பார்த்து இதென்ன என்று அத்தானைக் கேட்டாள். அவர் எல்லாம் சொன்னார். “ஓகோ” என்றாள். ஒரு முனையை என் கையில் வைத்தாள், இன்னொன்றைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்.

ஒரு தரம் இழுத்தாள்.

எத்தனை வருஷம், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்னை, நல்லா இருக்கியா என்று. யோசிக்காமல் ‘ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்’ என்று கணீரென்று சொல்வேன். நேற்று யோசித்தேன். பரிசோதனை முடிவை நினைத்தேன். பிறகு மூன்று தரம் இழுத்தேன்.

அவள் இறுக்கிப் பிடித்தாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டாள். அப்போதும் விடவில்லை.

உன் அக்கா